கீறலில் இல்லை ஏழ்மை

"பழைய காப்பியிலதான்டா உயிர் இருந்துச்சு. இது ரொம்பப் பளபளன்னு இருக்கு. ஏழைங்க கதைக்கு எதுக்கு இவ்ளோ பளபளப்பு?"

போன வாரம் 'பதேர் பாஞ்சாலி'யின் சீரமைக்கப்பட்ட ப்ளூரே வட்டைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனபோது நண்பன் ஒருவன் சொன்னது இது. கூட இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. வழக்கம்போல ராத்திரி படுத்த பிறகுதான் எல்லாப் பதிலும் வந்தது :-) அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. அந்தக் கீறல்கள் யாருடையவை? ஹரிஹரின் வீட்டில் அரிசி இல்லை, கூரை ஒழுகுகிறது. அது அந்தக் குடும்பத்தின் ஏழ்மை. திரையில் மழை மாதிரி ஓடும் வெள்ளைக் கோடுகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே பிரதியை ஓட்டி ஓட்டித் தேய்த்ததாலும், அதை ஈரத்திலும் புழுக்கத்திலும் போட்டு வைத்ததாலும், பிரதிக்குப் பிரதி எடுத்ததாலும் வந்த கோடுகள் அவை. அலட்சியத்தின் தழும்பு. பூசணம் பிடித்த கல்யாண போட்டோவைக் காட்டி "இதுதான் எங்க அம்மாவோட நிஜ முகம்" என்று யாராவது சொல்வோமா?

ராய் என்ன பாடுபட்டு இதை எடுத்தார் என்று பாருங்கள். அபுவும் துர்காவும் ரயில் பார்க்க ஓடும் நாணல் பூக்காட்டுக் காட்சியில்தான் 1952 அக்டோபரில் படப்பிடிப்பே தொடங்கியது. ஒரு நாள் எடுத்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன. மிச்சக் காட்சிக்காக மறுவருடம் பூக்கும் வரை காத்திருந்தார் அந்த மனிதர். கையில் காசில்லை. இன்சூரன்ஸ் பாலிசியும் மனைவியின் நகையும் அடமானம் போயின. அப்படியும் காத்திருந்தார். அந்த வெள்ளைக்காக! அந்த வெள்ளை அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அதுதான் 'யதார்த்தம்' என்று நாம் டீக்கடையில் தீர்ப்பு சொல்கிறோம்.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு 'பதேர் பாஞ்சாலி'தான் முதல் படம். அடுத்து வந்த 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்ப வைத்தார். வானத்திலிருந்து முற்றத்தில் இறங்குகிற, நிழல் விழாத வெளிச்சம் அப்படிக் கிடைத்தது. தேய்ந்த பிரதியில் முதலில் சாவது இந்த மாதிரி வெளிச்சம்தான். ஆக, "பழைய காப்பியில் உயிர் இருந்தது" என்பவர்கள் மித்ரா செய்ததைப் பார்க்கவே இல்லை. நானும்தான் பார்த்திருக்கவில்லை, போன வாரம் வரை.

சீரமைப்புக் கதையும் லேசுப்பட்டதில்லை. 1993 ஜூலையில் லண்டனில் ஹென்டர்சன்ஸ் லேபில் நடந்த தீ விபத்தில் அபு படங்கள் மூன்றின் மூல நெகடிவ்களும் எரிந்து கருகின. ராய் இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கருகிய சுருள்களைக் குப்பையில் போடாமல் அமெரிக்காவின் அகாடமி காப்பகம் இருபது வருடம் பத்திரப்படுத்தியது. பிறகு கிரைட்டீரியன் நிறுவனமும் இத்தாலியில் போலோன்யா நகரத்து லிம்மாஜினே ரித்ரோவாத்தா கூடமும் அதைக் கையில் எடுத்தன. முறுகிப் போன பிலிமுக்கு ஈரம் ஏற்றி, உருகி ஒட்டியதைச் சுரண்டி, ஓரத் துளைகளைத் திரும்பக் கட்டி... ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கைவேலை. 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகடிவில் சுமார் 40 சதவீதம் தேறியது. மீதியை வெவ்வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015 நவம்பரில் வட்டாக வெளியிட்டார்கள்.

சில சீரமைப்புகளில் பிலிமின் மணல் துகளைக்கூடத் துடைத்து, முகங்களை மெழுகு பொம்மை ஆக்கிவிடுகிறார்கள். உண்மைதான், அதைத் திட்டலாம், நானும் திட்டுவேன். ஆனால் இந்த வட்டில் துகள் அப்படியே இருக்கிறது. இந்திர் கிழவியின் ஒவ்வொரு சுருக்கமும் இருக்கிறது. போனது அழுக்கு மட்டும்.

என் உண்மையான கோபம் இனிமேல்தான். இந்தப் படம் யார் பணம்? மேற்கு வங்க அரசின் பணம். தலைப்பில் 'பாதை' இருந்ததாலோ என்னவோ, சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள்! அப்படி மக்கள் வரியில் முடிந்த படம், மறுபிறவி எடுத்து வந்தபோது எப்படி வந்தது? அந்த 2015 வட்டு அமெரிக்க மண்டலத்துக்குப் பூட்டப்பட்டது. ப்ளூரே கணக்கில் அது 'ஏ' மண்டலம், இந்தியா 'சி' மண்டலம். நம் ஊர் சாதாரண பிளேயரில் போட்டால் ஓடாது. விலையும் ஏறத்தாழ நூறு டாலர். எங்கள் பேராசிரியர் ஒருவர் எல்லா மண்டல வட்டும் ஓடுகிற பிளேயர் வைத்திருந்ததால் நாங்கள் பார்த்தோம்.

இதற்கு நாம் தெருவில் இறங்கிக் கத்தியிருக்க வேண்டாமா? கத்தவில்லை. ஏன் என்றால் "கீறல் விழுந்ததே போதும், அதுதான் அழகு" என்று நமக்கு நாமே சொல்லிப் பழகிவிட்டோம். மட்டமானதற்குத் தத்துவம் கண்டுபிடித்துவிட்டால் நல்லதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை பாருங்கள்! எரிந்த சுருளை இருபது வருடம் காப்பாற்றியது வேறு நாடு. நாம் கீறலுக்குக் கவிதை எழுதிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அபு, செத்துப்போன அக்கா திருடி ஒளித்து வைத்திருந்த மாலையைக் கண்டெடுத்துக் குளத்தில் எறிவான். பாசி விலகும், பிறகு மெல்லக் கூடி மூடிக்கொள்ளும். அக்காவின் ரகசியம் அதோடு முடிந்தது. பழைய காப்பியில் எனக்கு அங்கே தெரிந்தது ஒரு கறுப்புத் திட்டு மட்டும். பாசி மூடுவதை இப்போதுதான் பார்த்தேன். அந்த ஒரு காட்சியை மட்டும் இரண்டு பிரதியிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். அப்புறம் சொல்லுடா, எதில் உயிர் இருக்கிறது என்று.