விரல் சொல்லும் பதில்

பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டு அவசரப்படுத்துகிறார். சட்டைப் பைக்குள் கையை விடுகிறீர்கள். சாவி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, பழைய டிக்கெட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஐந்து ரூபாய் நாணயத்தோடு விரல் வெளியே வருகிறது. கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. இந்தச் சாமர்த்தியத்துக்காக யாரும் நமக்குக் கை தட்டுவதும் இல்லை.

இதன் அருமை எனக்குப் புரிந்தது நேதன் கோப்லண்ட் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோதுதான். 2004-ல் கார் விபத்து. வயது 18. கழுத்தில் அடிபட்டுத் தண்டுவடம் சேதமாகிவிட்டது. மூளை ஆர்டர் போடுகிறது. வழியில் பாலம் உடைந்ததால் விரலுக்குப் போய்ச் சேரவில்லை.

2015-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் மூளையில் நான்கு குட்டிச் சில்லுகளைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானில் பாதி சைஸ். இரண்டு சில்லுகள், கையை அசைக்க அவர் நினைப்பதை ஒட்டுக்கேட்டு ஒரு ரோபோ கையை ஓட்டும். மற்ற இரண்டும் எதிர்த்திசையில் வேலை செய்யும். ரோபோ விரலில் ஏதாவது பட்டால், மூளையில் விரல்களுக்கான இடத்தில் மெல்லிசாக மின்சாரம் கொடுக்கும். கண்ணைக் கட்டிவிட்டு ரோபோ விரல்களைத் தொட்டபோது எந்த விரல் என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிட்டார் மனிதர். பத்து வருஷமாக ஒழுங்காகச் சேதியே வராத அந்த இடம், விரல் வாரியாகக் கணக்கை அப்படியே வைத்திருந்தது! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2016-ல் அதிபர் ஒபாமா வந்து அந்த ரோபோ கையைக் குலுக்கினார். முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்டார். போட்டோ உலகமெல்லாம் வந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் நிஜமான செய்தி 2021-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வந்ததுதான். பொருளை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்க வேண்டும். தொடு உணர்ச்சியை அணைத்துவிட்டுச் செய்தால் சுமார் 21 விநாடி. உணர்ச்சி இருந்தால் 10 விநாடி. கண் இரண்டு தடவையும் திறந்துதான் இருந்தது. பிடித்தோமா, இல்லையா என்று தடுமாறுவதில்தான் பாதி நேரம் போயிருக்கிறது. ஆர்டர் போட மட்டும் தெரிந்து, பதிலைக் காதில் வாங்காத மானேஜரின் ஆபீஸ் மாதிரி. கை என்பது பாதி கட்டளை. மீதிப் பாதி பதில்.

சரி, நம் ஊர் ஆஸ்பத்திரிக்கு எப்போது வரும் என்கிறீர்களா? இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. எனக்குக் கவலை வேறு. 'ஆர்கஸ் 2' என்று ஒரு செயற்கை விழித்திரை இருந்தது. பார்வை போனவர்களுக்கு மங்கலாக வெளிச்சமும் உருவமும் காட்டியது. 2019-ல் கம்பெனி அதைக் கைவிட்டது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் கண்ணுக்குள் கருவி பொருத்தப்பட்டிருந்தது. ரிப்பேர் பார்க்க ஆள் இல்லாமல் போனது. சிலருக்கு மறுபடி இருட்டு. ஒருவன் ஒரே தடவை பார்வை இழப்பதே கொடுமை.

இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸி வாங்கும்போதே, "சர்வீஸ் சென்ட்டர் எங்கேப்பா இருக்கு?" என்று கேட்கிற ஜாதி நாம். மூளைக்குள் சில்லு வைக்க டாக்டர் பேனாவை நீட்டுகிற அன்றைக்கும், கையெழுத்துக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.