பி.எஃப். பணமும் பெண்ணையாற்று மணலும்

'சஸ்டெய்னபிள்' என்ற வார்த்தையை இப்போது கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுகிறார்கள். சட்டை, செருப்பு, பல் துலக்கும் பிரஷ், கல்யாணப் பத்திரிகை வரை வந்தாச்சு. ஆபீஸ் சர்க்குலரிலும் பார்த்தேன். (அந்த சர்க்குலரை ஆளுக்கு ஒரு காப்பி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.) தமிழில் 'நீடித்த நிலைத்த வளர்ச்சி' என்கிறார்கள். கேட்டவுடனே கொட்டாவி வருகிறது. ஆனால், சமாசாரம் மாதச் சம்பளக்காரர்களுக்கு நன்றாகப் பழகினதுதான். உங்கள் பி.எஃப். கணக்கை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இந்த யோசனைக்குப் பூர்வீகம் தேடிக்கொண்டு போனால், அங்கே உட்கார்ந்திருப்பவரும் ஓர் ஆபீஸர்தான். பெயர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். ஜெர்மனியில் சாக்ஸனி என்ற பகுதியில் சுரங்க நிர்வாகம் பார்த்தவர். தாதுவை உருக்க விறகு வேண்டும். வெட்டி வெட்டிக் காடு மொட்டையாகி, சுரங்கமே படுத்துவிடும் போலிருந்தது. 1713-ல் மனுஷர் ஒரு தடிப் புத்தகம் எழுதினார். சாரம் இவ்வளவுதான்: காட்டில் எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவுதான் வெட்டலாம். அதாவது வட்டியை எடு, முதலில் கை வைக்காதே!

1987-ல் ஐ.நா. அமைத்த ஒரு குழு, நார்வேயின் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையில், இதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னது. இன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொள். நாளைக்கு வருகிறவன் தன் தேவைக்குத் திண்டாடும்படி செய்துவிடாதே என்று.

இதைப் பார்க்க ஜெர்மனிக்கோ நார்வேக்கோ டிக்கெட் எடுக்க வேண்டாம். பண்ருட்டிக்கு பஸ் ஏறினால் போதும். பக்கத்திலேயே அண்ணாகிராமம் ஒன்றியம். அந்தப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், சில பலா மரங்கள்.

"இந்த மரம் எங்க தாத்தா வெச்சது. நான் வருஷா வருஷம் காய் எடுக்கறேன். சக்கை மாட்டுக்கு, கொட்டை குழம்புக்கு. மரத்தை வித்தா ஒரே நாள்ல கை நிறையக் காசு. அடுத்த வருஷம் எதைப் பறிக்கிறது?"

"சித்தப்பா, இதையேதான் 1713-ல ஒருத்தர் எழுதியிருக்கார்."

"அப்படியா? அவருக்கு நெல்லிக்குப்பமா, திருவதிகையா?"

பலா, முந்திரி எல்லாம் வட்டிக் கணக்கு. ஆனால், முதலுக்கும் ஆபத்து வரும். 2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மறுபடி கன்று வைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்துதான் காயைப் பார்க்க முடியும். அசலை எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, தென்மேற்கே நெய்வேலியில் இருக்கிறது. பழுப்பு நிலக்கரி, பல கோடி வருஷச் சேமிப்பு. இதற்கு வட்டியே கிடையாது. எடுக்க எடுக்கக் குறையும், அவ்வளவுதான். போதாததற்கு, கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற நிலத்தடி நீரை ராவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் தோண்டவே முடியும். சும்மா குறை சொல்லவும் வாய் வரவில்லை. 1960-களிலிருந்து நம் வீட்டு பல்பும் ஃபேனும் இந்தக் கரியால்தான் ஓடியிருக்கின்றன. பாட்டன் சொத்தை விற்றுச் சாப்பிடுகிறவன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: சொத்து தீர்வதற்குள் வேறு வேலை தேடிக்கொண்டாயா? சூரிய ஒளி, காற்றாலை என்கிறார்களே, அதுதான் அந்த வேறு வேலை.

மூன்றாவது கணக்குதான் அசல் பி.எஃப். ஒன்றியத்தின் வடக்கே ஓடும் தென்பெண்ணையின் மணல்.

ஆற்று மணல் என்றால் வீடு கட்டுகிற சரக்கு என்றுதான் நமக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு அது தண்ணீர்த் தொட்டி. ஆறு வருஷத்தில் கொஞ்ச நாள்தான் ஓடுகிறது. அந்தக் கொஞ்ச நாளில் மணல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் இரு கரைக் கிணறுகளுக்கும் மெள்ள மெள்ளக் கசியவிடும். மணலை அள்ளி ஆறு பத்தடி பள்ளமானால், கரையோரக் கிணற்று நீர்மட்டமும் கூடவே கீழே இறங்கும். மேலே கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று அணைகள் மணலையும் மறித்துக்கொள்வதால் புது வரவும் குறைவு. சம்பளத்தில் பிடித்தம் நின்றுபோன பிறகும் முன்பணம் மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தால் பி.எஃப். என்ன ஆகும்?

இந்த ஒன்றியத்து எனதிரிமங்கலத்துக்கும் எதிர்க்கரைத் தளவானூருக்கும் நடுவே, தண்ணீரைத் தேக்கச் சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை கட்டினார்கள். 2020-ல் திறந்தது, 2021 ஜனவரியில் உடைந்தது. மணல் ஒரு பைசா செலவில்லாமல் செய்து வந்த வேலைக்கு நாம் கோடிக்கணக்கில் டெண்டர் விட வேண்டியிருக்கிறது.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட, பெண்ணை இரு கரையும் புரண்டு ஊருக்குள் வந்தது. சித்தப்பா சிரிக்காமல் சொன்னார்: "டிசம்பர்ல போட்ல போறோம். மே மாசம் குடத்தோட போறோம். ரெண்டுக்கும் ஒரே ஆறு."

'அதற்கு நான் என்ன ஸார் பண்றது? ஒண்டிக்கட்டை, மேன்ஷன் ரூம்' என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை. எதை வாங்கினாலும், எதைத் திறந்தாலும் 'இது வட்டியா, முதலா?' என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். மொட்டை மாடி மழை வட்டி. ஆழ்குழாய்க் கிணறு பெரும்பாலும் முதல். 2003-ல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அதுவும் பி.எஃப். பிடித்தம்தான். வீட்டுக்காரரிடம் அந்தக் குழாய் இன்னும் வேலை செய்கிறதா என்று விசாரியுங்கள். (வாடகை உயர்ந்தால் நான் பொறுப்பில்லை.) ஆபீஸில் தினம் நாலு பேப்பர் கப்புக்குப் பதில் ஒரு எவர்சில்வர் டம்ளர். நாளைக்கு வீடு கட்டினால், ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் என்பார்கள். அது மலையை உடைத்து வருவது, அதுவும் முதல்தான். ஆகவே, தேவைக்கு மேல் ஒரு ரூம்கூடக் கட்டாதீர்கள்.

பி.எஃப். படிவத்தில் 'நாமினி' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கே பெயர் எழுதாமல் யாரும் விடுவதில்லை. பெண்ணையாற்று மணலுக்கும் நாமினி உண்டு. என்ன, அவன் இன்னும் பிறக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்டே இருக்கும்போது, கவுண்டருக்கு வந்து சண்டை போட அவனால் முடியாது.