யாருடைய நிஜச் சண்டை?

"சிலம்பமெல்லாம் திருவிழாவுக்குத்தான் சரி. ரோட்டுல ஒருத்தன் கத்திய எடுத்தா கம்பத் தேடிக்கிட்டா இருப்ப?" தோட்டத்துப் பொடியன்கள் மத்தியில் இந்தக் கேள்வி இப்போது சாதாரணம். கையில் போன், அதில் ரெண்டு நிமிடத்தில் கத்தியைப் பறித்துக் காட்டும் க்ராவ் மகா வீடியோ. அந்தப் பக்கம் வாத்தியார்மார், எல்லாச் சண்டையும் சிலம்பத்துக்குள் அடக்கம் என்கிறார்கள். எனக்கு ரெண்டு தரப்போடும் வழக்கு இருக்கு.

முதலில் வாத்தியார்மார். சலாவரிசை, காலடி, வீச்சு என்று மாதக்கணக்கில் பழகினால் மூச்சு வரும், உடம்பு இறுகும், கால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கும். இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் எதிரே நிற்பவன் உண்மையிலேயே அடிக்க வந்தால் என்ன ஆகும் என்பதைக் காற்றில் கம்பு சுற்றித் தெரிந்துகொள்ள முடியாது. 2017இல் சீனாவில் ஷு ஷியாவ்தொங் என்ற எம்.எம்.ஏ. வீரர் ஒரு தாய்ச்சி ஆசானைச் சில நொடிகளில் வீழ்த்திய வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. முரண்டு பிடிக்கிற ஆளோடு பழகாதவனுக்கு, தெரிந்த வித்தை அந்த நேரத்தில் கைக்கு வராது.

இதை நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே ஜப்பானில் கானோ ஜிகோரோ பிடித்துவிட்டார். 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது, பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை 'கதா'வுக்குள் ஒதுக்கிவைத்தார். மிச்சத்தை முழுப் பலத்தோடு மோதிப் பழகும் 'ரந்தோரி'யை நடுவில் வைத்தார். கொல்லும் அடியைக் காற்றில் பழகியவனை, சாதாரணத் தள்ளலை ஆளோடு ஆளாகப் பழகியவன் கவிழ்த்துவிடுவான் என்பதுதான் கணக்கு.

சிலம்பத்தில் இது இல்லையா என்றால், இருக்கு. தொடுமுறைதான் அது. கம்பு நுனியில் சாயம் தடவிக்கொண்டு இறங்குவார்கள், யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவார்கள். பொய் சொல்ல முடியாத விளையாட்டு. ஆனால் நம்ம பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களில் தீப்பந்தம் சுற்றுவதற்குத்தான் கைதட்டு. தொடுமுறை ஓரத்துக்குப் போய்விட்டது.

இப்போது 'ஸ்ட்ரீட் செல்ஃப் டிபென்ஸ்' அண்ணன்மார் பக்கம் வருவோம். நிஜச் சண்டை, நிஜச் சண்டை என்கிறார்களே, அது யாருடைய நிஜம்? க்ராவ் மகாவின் வேர் 1930களின் பிராட்டிஸ்லாவாவில் இருக்கிறது. யூதக் குடியிருப்புகளைத் தாக்க வந்த பாசிசக் கும்பல்களோடு இமி லிக்டன்ஃபெல்ட் தெருவில் மோதியதில் தொடங்கி, பிறகு இஸ்ரேல் இராணுவத்துக்குப் போனது. அது அவருடைய தெரு. வீடியோவில் வரும் கார் பார்க்கும் கைத்துப்பாக்கியும் இன்னொருத்தருடைய தெரு. வட்டவளையில் ஒரு பொம்பளப் பிள்ளைக்கு எது நிஜம்? கொழும்பு பஸ்ஸில் பின்னால் வந்து உரசுகிறவன். பொழுதுபட்டபிறகு மெயின் ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் குறுக்குப்பாதை. குடித்துவிட்டு வரும் அப்பா, அண்ணன், புருஷன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் நெற்றி உயரக் கம்பைச் சுற்றவும் முடியாது, கத்தி பறிக்கும் வித்தை காட்டவும் முடியாது. மறுநாளும் அதே காம்பராவில் அதே ஆளோடுதான் சோறு திங்கணும்.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியத்தின் ஆய்வு ஒன்று, இலங்கையில் 90 வீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள் என்கிறது. பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம். இத்தனைக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருஷம் வரை உள்ளே போடலாம். எந்தத் தற்காப்பு வகுப்பிலாவது இந்த நம்பரைச் சொல்லிக் கொடுக்கிறார்களா? 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை?

இன்னொன்று, கராட்டி வகுப்பும் கேட்காதது. கொழும்பு பஸ்ஸில் சத்தம்போடணும் என்றால் சிங்களத்தில் போடணும். நம்ம பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு வருவதற்குக் கையில் பலம் இல்லாதது மட்டும் காரணமில்லை. வாயைத் திறந்தால் எந்த ஊர், எந்த இனம் என்று தெரிந்துவிடும் என்ற பயமும்தான்.

"அன்றைக்கு எல்லாரும் சிலம்பம் பழகியிருந்தா 77லயும் 83லயும் அடிவாங்கியிருக்க மாட்டோம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். அந்த ஆதங்கம் புரிகிறது. ஆனால் லயத்தைக் கொளுத்த வந்தது கும்பல். பாதுகாக்க வேண்டிய பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்ற இடங்களும் உண்டு. அதற்குக் கம்பும் பதில் இல்லை, க்ராவ் மகாவும் பதில் இல்லை. ஒரு கலையின் தலையில் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றுவது அந்தக் கலைக்கே செய்யும் அநியாயம்.

என் பக்கம் இதுதான். சிலம்பத்தைச் சிலம்பமாகவே வைத்துக்கொள்வோம், ஆனால் தொடுமுறையைத் திரும்பக் கொண்டுவருவோம். பொம்பளப் பிள்ளைகளையும் அதில் இறக்குவோம். தற்காப்பை அதே பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிக் கொடுப்போம். பிளாஸ்டிக் கதிரைகளை பஸ் மாதிரி அடுக்கி, ஒருத்தர் உரச, மற்றவர் சிங்களத்தில் கத்திப் பழகட்டும். பிடித்த கையை விடுவிக்க குத்துவரிசையில் இருக்கும் ரெண்டு பிடிவிலக்கு போதும், அதையும் விடாமல் பிடிக்கிற ஆளோடு பழகணும். ஒருநாள் பட்டறை நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகிறவர்களால் இது ஆகாது. வாரத்தில் ரெண்டு பின்னேரம், வருஷம் முழுக்க வேணும்.

பிரட்டுக்களம் இருக்கிறதே என்பீர்கள். இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று வட்டவளை. பாதி வருஷம் அங்கே கால் வைக்க முடியாது, கூரை வேணும். பல தோட்டங்களில் வாசிகசாலைக் கட்டடம் பூட்டியே கிடக்கு. சாவி யாரிடம் என்று தலைவர்மார்தான் சொல்லணும்.