ஐந்து குண்டு சாட்சி ஆகாது

ஏர் ரைபிள் பயிற்சி நடக்கும் ரேஞ்சுகளில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. புதிதாக வந்த பெல்லட் டின்னைப் பிரிப்பார்கள். ஐந்து குண்டு சுடுவார்கள். அட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாகத் தெரிந்தால், “இந்த லாட் சூப்பர் சார், இருக்கிறதை எல்லாம் வாங்கிப் போட்டுடுங்க” என்பார் கோச். (லாட் என்றால் ஒரே தொகுப்பாகத் தயாரான சரக்கு.) கொஞ்சம் சிதறியிருந்தால், “இதை பிராக்டீசுக்கு வச்சுக்கோ தம்பி” என்று அந்த டின்னை ஓரங்கட்டிவிடுவார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பையனின் அப்பா மறுநாள் பணம் புரட்டக் கிளம்பிவிடுவார்.

ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தால் பெல்லட்டின் தரம் தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை தவறானது. வெறுமனே தவறு என்று விட்டுவிடவும் முடியாது. இதனால் குடும்பங்களின் பணம் போகிறது, பிள்ளைகளின் பயிற்சி கெடுகிறது.

இதற்குப் பின்னால் இருப்பது நமக்கெல்லாம் பழகிய ஒரு புத்திதான்: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பானையில் அது செல்லும். எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே நேரம் கொதித்தவை; ஒன்று வெந்தால் பக்கத்தில் இருப்பதும் வெந்திருக்கும். குழலை விட்டுக் கிளம்பும் குண்டுகள் அப்படி அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சிதறுகிறது. அந்தச் சிதறலின் அளவைத்தான் நாம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம். சிதறலை அளக்க ஒரு பருக்கையும் போதாது, ஐந்து பருக்கையும் போதாது.

பெல்லட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 4.5 மி.மீ. குறுக்களவு, ரைபிளுக்கானது என்றால் ஏறக்குறைய 0.53 கிராம் எடை. முன்பக்கம் தட்டையான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் பாவாடைபோல விரிந்த மெல்லிய ஓரம். தட்டைத் தலை அட்டையைப் பஞ்ச் செய்ததுபோல வட்டமாக வெட்டும். பின் ஓரம் காற்றழுத்தத்தில் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். அந்த ஓரம் வழியில் எங்கோ இடிபட்டு நசுங்கியிருந்தாலும், தலையின் வட்டம் சற்றுக் கோணியிருந்தாலும் குண்டு விலகும். ஆகவே பெல்லட்டுக்குப் பெல்லட் தர வேறுபாடு உண்டு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அதைக் கண்டுபிடிக்கிற முறையில்தான் சண்டை.

இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளக்கும் அதிகபட்சத் தூரத்தைத்தான் குரூப் என்கிறோம். ஐந்து குண்டில் அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பவை ஓரத்தில் விழுந்த இரண்டே இரண்டு. மற்ற மூன்றும் என்ன சொல்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ஒரே இயந்திரத்தில், ஒரே நாளில் அடித்த, தரத்தில் எள்ளளவும் வேறுபடாத பத்து டின்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு. சராசரி குரூப் 1.2 மி.மீ. என்றால், பத்தில் மிகச் சிறியது முக்கால் மி.மீ. ஒட்டியும் மிகப் பெரியது 1.7 மி.மீ. ஒட்டியும் வருவது வெகு சாதாரணம். இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம் ரேஞ்சில் அந்த முக்கால் மி.மீ. டின்னுக்கு மாலை விழும், 1.7 டின் மூலைக்குப் போகும். இரண்டுக்குள்ளும் இருந்தது ஒரே சரக்கு.

சரி, உண்மையிலேயே ஒரு டின் நல்லது, இன்னொன்று அதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சிதறுவது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைந்து குண்டு சுட்டு ஒப்பிட்டால் ஏறக்குறைய மூன்று முறைக்கு ஒருமுறை மட்டமானதுதான் ஜெயிக்கும். காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இதில் இன்னும் சில கோளாறுகள் சேர்கின்றன. குண்டுகள் கூடக்கூட குரூப் விரியும். ஐந்துக்குப் பதில் பத்து சுட்டால் சராசரியாகக் கால்பங்கு பெரிதாகும். ஒருவர் ஐந்து குண்டு அட்டையையும் இன்னொருவர் பத்து குண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்து வாதாடினால் அதற்கு அர்த்தமே கிடையாது. அதைவிட மோசம், நான்கு குண்டு ஒன்றாக விழுந்து ஐந்தாவது விலகிப்போனால் “அது ஃபிளையர், விட்டுரு” என்று அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும் பழக்கம். நமக்குப் பிடித்த டின் என்றால் ஃபிளையர் சுட்டவரின் தவறு. பிடிக்காத டின் என்றால் அது பெல்லட்டின் குற்றம்.

இத்தனைக்கும் ரைபிள் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில். நின்றபடி சுடுகிற பிள்ளையின் மூச்சும், நாடித்துடிப்பும், விரலின் இழுப்பும் சேர்ந்துதான் அந்த அட்டையில் பதிகின்றன. சுடுபவரின் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூட்டப்படுவதில்லை. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்கவேண்டும். அதனால் பெரியது சின்னதை விழுங்கிவிடும். ஐந்து குண்டுக்கு 8 மி.மீ. குரூப் போடும் பிள்ளையிடம் 1.5 மி.மீ. குரூப் தரும் பெல்லட்டைக் கொடுத்தால் மொத்தம் 8.14 மி.மீ. ஆகும். அதைவிடச் சிறந்த, 1 மி.மீ. குரூப் தரும் பெல்லட்டைக் கொடுத்தால் 8.06. முடியளவு வித்தியாசம். 60 குண்டு கொண்ட போட்டியில் 580 புள்ளியைச் சுற்றி எடுக்கும் அந்தப் பிள்ளைக்கு இந்த மாற்றம் தருவது முக்கால் புள்ளிகூடத் தாண்டாது. அதே பிள்ளை ஒரே ஒரு குண்டில் அவசரப்பட்டு விசையை இழுத்தால் இரண்டு புள்ளி போய்விடும்.

“உலகச் சாம்பியன்கள் எல்லாம் லாட் லாட்டாகச் சோதிக்கிறார்களே?” என்பார்கள். சோதிக்கிறார்கள், சோதிக்கவும் வேண்டும். அதே 60 குண்டில் 630 எடுக்கும் ஒருவரின் சொந்தச் சிதறல் 2.5 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவருக்கு மேலே சொன்ன அதே பெல்லட் மாற்றம் இரண்டு புள்ளிக்கு மேல் தரும். இறுதிச் சுற்றுக்குள் நுழைவதா, வெளியே நிற்பதா என்பதை அது தீர்மானித்துவிடும். அவர்கள் செய்வதும் ஐந்து குண்டுச் சடங்கு அல்ல. ரைபிளை வைஸ் என்ற பிடிகருவியில் இறுக்கி, லாட்டுக்கு லாட் அட்டை அட்டையாகச் சுட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹக்கினன் 9.7. ஏர் ரைபிள் அட்டையில் ஒவ்வொரு 0.1 புள்ளியும் கால் மி.மீ. 10.8 என்றால் குண்டின் மையம் அரை மி.மீட்டருக்குள் நின்றது, 9.7 என்றால் மூன்று மி.மீட்டருக்கு மேல் விலகியது. அந்த இறுதிச் சுற்றில் நின்ற எவர் கையிலும் மட்டமான பெல்லட் இருந்திருக்காது. நல்ல பெல்லட் ஒன்று தானாக மூன்று மி.மீ. விலகிப் போகாது. தங்கத்தைத் தீர்மானித்தது அந்த வினாடியில் கையும் மனமும்.

எடை போட்டுப் பிரிக்கும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நகைக்கடைத் தராசை வாங்கி வைத்து ராத்திரி முழுக்க பெல்லட் நிறுக்கும் பெற்றோர் உண்டு. குண்டு விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால் 10 மீட்டரைக் கடப்பதற்குள் ஏறக்குறைய 17 மி.மீ. கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம் கூடினால் வேகம் சுமார் அரை சதவீதம் குறையும், குண்டு 0.17 மி.மீ. கூடுதலாக இறங்கும். 0.1 புள்ளிக்கான தூரம்கூட இல்லை அது. காலிப்பரால் தலையை அளப்பது இன்னும் வீண்: ஈயம் மெத்தென்று இருக்கும், அளக்கும் அழுத்தத்திலேயே நசுங்கும். ஈயம் தொட்ட விரலோடு பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிடுவதை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். அளக்கிற நேரத்தில் அவர்களைக் கை கழுவச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

லேபிளை நம்புவதும் இதே ரகம். “அவன் 4.50 போட்டான், நாமும் 4.50 போடுவோம்” என்கிறார்கள். அந்த எண் தலையின் குறுக்களவுக்குத் தொழிற்சாலை தரும் பெயரளவு. ஜெர்மனியின் ஆர்10 ஆனாலும், செக் நாட்டின் ஜேஎஸ்பி ஆனாலும், ஒரே பெயர், ஒரே எண் கொண்ட டின்கள் லாட்டுக்கு லாட் மாறும். அதோடு ஒரு குழலுக்குப் பொருந்துவது அடுத்த குழலுக்குப் பொருந்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நண்பரின் ரைபிளில் ஜெயித்த பெல்லட் உங்கள் ரைபிளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் எப்படிச் சோதிப்பது? ரைபிளை வைஸில் இறுக்குங்கள். தோளில் வைத்துச் சோதிக்காதீர்கள். சிலிண்டரில் காற்று போதுமான அளவு இருக்கட்டும். பெல்லட்டை மாற்றியதும் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய ஈயப் படிவு போய்ப் புதியது படிந்து குழல் நிலைக்கு வரவேண்டும். பிறகு ஒவ்வொரு லாட்டிலும் ஐந்தைந்தாகப் பத்து அட்டை, மொத்தம் 50 குண்டு. ஒரு லாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுவதைவிட, பாதியைக் காலையிலும் பாதியை மாலையிலும் வரிசை மாற்றிச் சுடுவது நல்லது. வெயிலும் காற்றழுத்தமும் ஒரு பக்கம் சாயாமல் இருக்கும். எது எந்த டின் என்பது அட்டையை அளப்பவருக்குத் தெரியக்கூடாது. கிண்ணத்தில் கொட்டி ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் எழுதுங்கள். விலை உயர்ந்த டின் என்று தெரிந்தால் அளக்கிற கண் தானாகவே சலுகை காட்டும். எந்தக் குண்டையும் ஃபிளையர் என்று தள்ளாதீர்கள். பத்து குரூப்பின் சராசரியை எடுங்கள். ஐந்து குண்டில் மூன்றுக்கு ஒருமுறை தவறிய அந்த ஒப்பீடு இப்போது நூற்றுக்கு ஏழு முறைதான் தவறும். எல்லா ஓட்டைகளுக்கும் மையத்திலிருந்து தூரம் அளந்தால் இன்னும் துல்லியம் கிடைக்கும்.

“ஐம்பது குண்டை வீணாக்கவா?” என்று கேட்பவர்களுக்கு: மேட்ச் பெல்லட் டின் பொதுவாக 500 எண்ணிக்கை. அதில் பத்தில் ஒரு பங்கைச் சோதனைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள், ஐந்து குண்டை நம்பி இருபது டின் வாங்குகிறார்கள். எது வீண்?

பணத்தைவிட எனக்கு வலிப்பது வேறு. பிந்த்ராவையும், ககன் நாரங்கையும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனையும் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். ஸ்கோர் இறங்கும்போதெல்லாம் பெரியவர்கள் டின்னை மாற்றினால், பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: என் குறை பெல்லட்டில் இருக்கிறது. தன் நிற்கும் நிலையையும், மூச்சையும், விசை விரலையும் திருத்தவேண்டிய வயதில் அது டின்னின் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறது. போட்டி நாளில் பழைய லாட் தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததுமே முகம் வெளிறிய பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். ஒரு குண்டுகூட சுடவில்லை, அதற்குள் தோற்றுவிட்டது.

கோச்சுகளே, 600-ஐத் தொடாத பிள்ளைக்கு லாட் தேடி அலையச் சொல்லாதீர்கள். நம்பகமான ஒரே பெல்லட்டை வருடம் முழுக்கக் கொடுங்கள். 625-ஐத் தாண்டியவருக்குச் சோதனை தேவை என்றால் வைஸில் கட்டி, 50 குண்டு சுட்டு, அட்டைகளைப் பெற்றோர் முன் வைத்துப் பேசுங்கள். பெற்றோரே, அடுத்த முறை ஐந்து குண்டு அட்டையைக் காட்டி டின் வாங்கச் சொன்னால், மீதி நாற்பத்தைந்து எங்கே என்று கேளுங்கள்.