ப்ளீச் வாசனை வந்தா சுத்தமாயிடுமா?

கொம்புச்சா, இஞ்சி பீர்னு வீட்டுலயே புளிக்கவைக்கிற பழக்கம் நம்ம ஆளுங்க மத்தியிலயும் பரவிட்டு வருது. நல்ல விஷயம்தான். ஆனா சிலர் ஜாடி கழுவுற லட்சணம் இருக்கே! ஒருத்தர் தரை துடைக்கிற ப்ளீச்சை ஊத்துறார். இன்னொருத்தர் கைக்குப் போடற சானிடைசரைப் பீச்சுறார். மூணாவது ஆசாமி, "எங்க பாட்டி இதெல்லாமா பண்ணாங்க?"ன்னு குழாயடியில ஒரு அலசு அலசிட்டுப் போயிடறார்.

பாட்டி பண்ணாங்க சார். ஊறுகாய் ஜாடியில கொதிக்கிற தண்ணி விட்டு அலசி, வெயில்ல ஈரம் போகக் காயவெச்சுத்தான் மாங்காயைப் போட்டாங்க. அதுக்குப் பேரு என்னவாம்? இட்லி மாவுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லையேன்னு கேக்கலாம். மாவு ஆவியில வெந்துதான் தட்டுக்கு வருது. கொம்புச்சா வேகறதில்லை, அப்படியே புள்ளைங்க வாய்க்குப் போகுது.

சானிடைசர்ல கிளிசரின், ஜெல், வாசனைன்னு என்னென்னமோ இருக்கு. அது கைக்கு, பாத்திரத்துக்கு இல்லை.

ப்ளீச் கிருமியைக் கொல்லும், மறுக்கலை. ஆனா நல்லா அலசியாகணும். அலசறது எதுல? மொட்டைமாடித் தொட்டித் தண்ணியில! கொன்ன கிருமியைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாச்சு. அலசாம விட்டா, மிச்சமிருக்கிற குளோரின் டீயில இருக்கிற ஃபீனால்களோட சேர்ந்து ஆஸ்பத்திரி நெடி அடிக்கும். எவர்சில்வர்லயும் குழி விழும். எல்லாத்தையும் விட மோசம், ப்ளீச்சோட அமிலம் சேர்ந்தா குளோரின் வாயு வரும். வினிகர் மட்டுமில்லை, ஜாடி அடியில தங்கின பழைய கொம்புச்சாவும் அமிலம்தான். கதவு சாத்தின சமையலறையில இந்த விளையாட்டு எதுக்கு?

அப்ப என்னதான் பண்றது? முதல்ல சோப்பு போட்டுத் தேய்ங்க. அழுக்கு ஒட்டியிருந்தா எந்த மருந்தும் அதைத் தாண்டி உள்ள போகாது. தேய்ச்சுக் கழுவறது வேற, கிருமி நீக்கறது வேற. முதலாவதைச் செய்யாம ரெண்டாவது இல்லை.

சின்ன கண்ணாடி பாட்டிலா? பச்சைத்தண்ணியில முக்கி அடுப்புல ஏத்தி, கொதி வந்தப்புறம் 10 நிமிஷம் விடுங்க. குளிர்ந்த பாட்டில்ல நேரா கொதிநீர் ஊத்தினா விரிசல் விடும். செலவு கேஸ் மட்டும்தான்.

பானைக்குள்ள அடங்காத பெரிய ஜாடி, பிளாஸ்டிக் குழாய், இதுக்கு மட்டும் மருந்து வாங்குங்க. அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமில வகை, இல்லாட்டி அயோடோஃபார். லேபிள்ல போட்டிருக்கிற அளவைத் தாண்டாதீங்க. கலக்கி ரெண்டு நிமிஷம் ஈரமா வெச்சுக் கவுத்து வடிச்சா முடிஞ்சது. அமில வகையில கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தா பயப்படவேணாம். அயோடோஃபார் பிளாஸ்டிக்கைப் பழுப்பாக்கும், அவ்வளவுதான்.

நெடி அதிகமானா சுத்தமும் அதிகம்ங்கிறது விளம்பரம் நம்ம தலையில ஏத்தினது. உண்மையில சுத்தமான ஜாடியில எந்த வாசனையும் இருக்காது. நம்பலைன்னா மூடியைத் திறந்து மோந்து பாருங்க.