போலி மரபணுவும் இலக்கணப் பொறுமையும்

'சூடோஜீன்' என்பதைத் தமிழில் போலி மரபணு என்று எழுதிவருகிறோம். சொல் தவறன்று, அதைக் கேட்கும் நம் செவிதான் பழுது. போலி என்றதும் கள்ள நோட்டும் போலி மருத்துவரும் நினைவுக்கு வருகின்றனர். நன்னூல் படித்தவர்களாவது சற்று நின்று யோசித்திருக்க வேண்டாமா? பந்தல் பந்தராவதும் ஐந்து அஞ்சாவதும் போலியே. எழுத்துத் திரிந்தது, பொருள் கெடவில்லை.

இவ்வழக்கு நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 2001இல் தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. வாசிக்கப்பட்ட கிருமி தமிழ்நாட்டில் பெறப்பட்டது. அதன் வகைப்பெயரே 'டி.என்.'. புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 1,600. சிதைந்தவை 1,100க்கும் மேல். தொழுநோய்த் தடுப்பூசிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த களப்பிரிவு ஆவடியில் இருந்தது. 1999இல் அது மருத்துவப் புள்ளியியல் ஆய்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டு, இன்று அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமாயிற்று. ஆகவே இவ்வட்டாரத்தார் இதைப் பேச உரிமையுடையவர்களே.

அந்த ஆயிரத்து நூற்றையும் இறந்தவை என்று கணக்கு முடித்தவர்கள் உண்டு. பின்வந்த ஆய்வுகளிலோ அவற்றுள் பல ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுவது தெரிந்தது. படியெடுப்பு மட்டுமே பணிக்குச் சான்றாகாது, ஒப்புகிறோம். ஆனால் 2010இல் வெளியான மனித மரபணு ஆய்வொன்றைப் பாருங்கள். புற்றுநோயைத் தடுக்கும் பிடென் மரபணுவுக்கு பிடென்பி1 என்றொரு போலி உண்டு. அது புரதம் எதையும் ஆக்குவதில்லை. ஆயினும் பிடெனை அடக்க வரும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைத் தன்மேல் தாங்கி மூலத்தைக் காக்கிறது என்று அவ்வாய்வு காட்டிற்று. சில புற்றுநோய்களில் இந்தப் போலி இழக்கப்பட்டிருப்பதும் கண்டறியப்பட்டது.

'படைப்பில் வீணென்று எதுவுமில்லை' எனத் துள்ளுவோருக்கும் நம் ஆதரவில்லை. நம் உடல் வைட்டமின் சி ஆக்க இயலாது நெல்லிக்கனியைத் தேடுவதற்குக் காரணம், உண்மையிலேயே பழுதுற்ற ஒரு மரபணுதான். பெரும்பாலானவை இத்தகையனவாகவே இருக்கலாம். நாம் கண்டிப்பது வேறு. செயலற்றது என்று முதலில் பெயரிடுகிறார்கள். பெயரைக் காட்டி ஆராயாது விடுகிறார்கள். ஆராயாமையால் விளைந்த மௌனத்தையே செயலின்மைக்குச் சான்றாக்குகிறார்கள். 'நேச்சர் ரிவியூஸ் ஜெனடிக்ஸ்' இதழில் 2020இல் வந்த மதிப்பாய்வும் இந்த முன்முடிவையே ஆய்வுக்குத் தடையெனச் சுட்டியது.

இது சொல்லாராய்ச்சி விளையாட்டன்று. பிடென்பி1ஐக் குப்பையென்று தள்ளியிருந்தால் புற்றுநோயைப் பற்றிய ஓர் அறிவை இழந்திருப்போம். போலி என்னும் சொல் இருக்கட்டும். திரிந்தது என்பதாலேயே பொருளற்றது என்று முடிவு கட்டாத நம் இலக்கணிகளின் பொறுமையும் அதனுடன் இருக்கட்டும்.