கெஷியர் மேசையில் இருக்கும் பிள்ளைக்கு நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம்?



போன லீவில் என்னிடம் ஓ.எல். வரை படித்த ஒரு பிள்ளையைச் சந்தித்தேன். இப்போது தெற்கில் ஒரு நகரத்தில், நம்மவர் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் கெஷியராக இருக்கிறான். "பத்துப் பேர் கடைக்குள்ள சண்டைக்கு வந்தா என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "முதலாளிக்கு கோல் எடுப்பன் சேர்" என்றான். "அவர் எடுக்கல்லெண்டா?" சிரித்தான். பதில் இல்லை.

எனக்கு 2018 பெப்ரவரி 26 ஞாபகம் வந்தது. அம்பாறையில் ஒரு ஹோட்டலில் கறிக்குள் ஏதோ கட்டி கிடந்ததென்று ஒரு கூட்டம் கெஷியரைச் சுற்றி வளைத்தது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். கேள்வி சரியாக விளங்காத அந்த மனிதர் பயத்தில் 'போட்டோம்' என்பது போல் ஏதோ சொல்லிவிட்டார். அது வீடியோவாகி நாடெல்லாம் பரவியது. அன்றிரவு கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்தில் திகன பற்றி எரிந்தது. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகுதான் சொன்னது.

அந்தச் சகோதரர் மீது ஒரு குற்றமும் இல்லை. கூட்டம் சேர்த்து வந்தவர்கள்தான் குற்றவாளிகள். ஆனால் அப்படியொரு நிலைமையில் என்ன செய்வதென்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருந்தார்களா? இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறோம்?

கரையோரப் பாடசாலைகளில் சுனாமி ஒத்திகை செய்கிறோம். மணி அடித்தால் எந்த வாசலால் வெளியேறுவது, எங்கே கூடுவது என்று ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். பயம் வந்தால் மூளை வேலை செய்யாது, பழகியதுதான் வரும். அதற்காகத்தான் ஒத்திகை. கடைக்கும் அதுதான் தேவை.

முதலாளிமாரிடம் ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கடை பூட்டிய பிறகு அரை மணித்தியாலம் ஊழியர்களோடு உட்காருங்கள்.

முறைப்பாடு வேறு, மிரட்டல் வேறு. சாப்பாட்டில் குறை என்றால் மன்னிப்புக் கேட்டு, தட்டை எடுத்து, காசைத் திருப்பிக் கொடுத்தால் பாதி கோபம் அங்கேயே அடங்கிவிடும். அடங்காமல் ஆள் சேர்ந்தால், சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் மட்டும் பேச வேண்டும். அவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாக வேண்டும். மற்றவர்கள் விளங்காத கேள்விக்குத் தலையாட்டக் கூடாது. "மட்ட தேரென்னே நே, முதலாலிட்ட கதா கரன்னம்" என்ற ஒரு வசனம் போதும். சத்தம் போடவோ கை நீட்டவோ வேண்டாம்.

அடி விழப் போகிறதென்றால் கல்லாப்பெட்டியை விட்டுவிட்டுப் பின்வாசலால் போகலாம் என்று முதலாளியே வாயால் சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பிள்ளை உங்கள் காசுக்காக நின்று அடி வாங்குவான். அந்தப் பின்வாசலில் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருக்கிறீர்களா என்றும் ஒருக்கால் பாருங்கள்.

119ம் பக்கத்துப் பொலிஸ் நிலைய இலக்கமும் சுவரில் இருக்கட்டும். முதலாளிக்கு முன் பொலிஸுக்கு அழைக்க ஊழியருக்கு அனுமதி இருக்கட்டும். சிசிடிவி பதிவைப் பொலிஸுக்குக் கொடுங்கள், வாட்ஸ்அப் குரூப்புக்கு அல்ல. நாம் பகிரும் வீடியோ இன்னொரு ஊரில் இன்னொரு கடைக்கு ஆபத்தாகலாம்.

"பயத்தைக் கிளப்பாதீங்க சேர், தவக்குல் வைங்க" என்று சிலர் சொல்லலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளியோடு சலாமும் சிரிப்புமாக இருப்பதும் அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சுத்தான். 2018இல் முஸ்லிம்களைத் தங்கள் வீடுகளில் வைத்துக் காத்த சிங்கள அயலவர்களும் இருந்தார்கள். மறக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்திலும் பிழை இருக்கிறது. இரண்டாம் மொழிப் பாடத்தை நேரசூசியில் ஒப்புக்குப் போட்டுவிட்டுப் போகிறோம். நாளை அது ஒரு பிள்ளையின் உயிர் காக்கும் பாடமாக இருக்கலாம். வரும் தவணையில் என் வகுப்பில் அதை மாற்றப் பார்க்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளைக்கு நேற்று நானே கோல் எடுத்து, அந்தச் சிங்கள வசனத்தை மூன்று தடவை சொல்ல வைத்தேன். உங்கள் கடையில் இருப்பதும் யாரோ ஓர் உம்மாவின் பிள்ளைதான். இன்று இரவே உட்கார்ந்து பேசுங்கள்.